கறை போகாது, படம் போகும்

ஒரு சலவைக் கேள்வி

வாழைத்தார் வெட்டும்போது வேட்டியில் தெறித்த ஒரு துளிச் சாறு, தெறித்த கணத்தில் வெறும் நீர்த்துளியாகவே தோன்றி, பொழுது சாய்வதற்குள் பழுப்பேறி, பிறகு எத்தனை முறை கல்லில் அடித்துத் துவைத்தாலும் அந்த வேட்டி கிழிந்து கரித்துணியாகும் வரையில் அதை விட்டு நீங்குவதில்லை என்பது யாருக்கும் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமன்று. சலவைத் தொழிலாளர்கள் இன்ன வீட்டுத் துணி என்று அறிவதற்காகச் சேங்கொட்டைச் சாற்றால் ஓரத்தில் இட்டுவந்த குறியும் அப்படிப்பட்டதே. வெள்ளாவியில் வெந்தும் வெயிலில் காய்ந்தும், துணி உள்ளவரை அது உண்டு. ஆனால் காலமான பாட்டியின் படத்தை வீட்டு அச்சுப்பொறியில் ஒரு வெள்ளைத் துணியின்மேல் ஏற்றி, அதை ஞாபகார்த்தமாக ஒரு போர்வையில் சதுரமாக வைத்துத் தைத்தோமானால், முதல் நனைப்பிலேயே புடவையின் சிவப்பு முகத்தின்மேல் வழிந்து, இரண்டாம் சலவையில் முகமும் மறைந்துவிடுகிறது. வேண்டாத கறை நிற்பதும் வேண்டிய படம் கரைவதும் ஏன்?

பழந்துணிகளைச் சேர்த்துத் தைத்துப் போர்வையாக்கி, அவற்றை உடுத்தியவர்களின் நினைவையும் உடன் போர்த்திக்கொள்வது நம் நாட்டுக்குப் புதிதன்று. வங்காளத்துக் காந்தாவும் கன்னட நாட்டுக் கவுதியும் அவ்வகையைச் சேர்ந்தவை. அவற்றில் படம் இராது, நூல்தான் பேசும். புகைப்படத்தையும் துணியையும் சேர்க்கும் ஆசை பிற்காலத்தது. 1987 அக்டோபரில் வாஷிங்டன் நகரில், எய்ட்ஸ் நோயால் இறந்தவர்களின் பெயரால் தைத்த 1,920 துணித்துண்டுகள், ஒவ்வொன்றும் மூன்றடி அகலமும் ஆறடி நீளமுமாக, ஒரே விரிப்பாக விரிக்கப்பட்டபோது அந்த ஆசையின் வீச்சு உலகத்துக்குத் தெரிந்தது.

நம் கேள்விக்கு விடை தேட ஜவ்வாது மலையை இருப்பிடமாகக் கொள்வோம். அங்கே துணியில் நிற்கும் கறுப்புக்கு வேண்டிய கடுக்காய் மரத்தில் காய்க்கிறது. துணியில் நிற்கும் நீலத்தைக் கண்டுபிடித்தவரின் சாஸ்திரத்துக்கு உரிய பெரிய தொலைநோக்கியும் அங்கேதான் இருக்கிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடம் இரும்பு.

பருத்தி நூலின் சுபாவம்

பருத்தி இழை பெரும்பாலும் செல்லுலோஸ் என்ற ஒரே பதார்த்தத்தால் ஆனது. மரத்தையும் வைக்கோலையும் நிமிர்த்தி நிறுத்துவதும் அதுவே. அதற்கு நீரின்மேல் தீராத விருப்பம். நனைந்ததும் இழை பருத்து, கண்ணுக்குப் புலப்படாத அதன் உட்துளைகள் அனைத்திலும் நீர் புகுந்து நிறைகிறது. நீர் எதை ஏந்தி வருகிறதோ அதுவும் கூடவே நுழைகிறது.

நுழைவதில் தடை இல்லை, தங்குவதில்தான் சங்கடம். வீட்டு அச்சுப்பொறிகளில் பெரும்பாலானவற்றின் மை நீரில் முற்றக் கரைந்த சாயமாக இருக்கிறது. மயிரிழையினும் நுண்ணிய துளைகளின் வழியே பீச்ச வேண்டியிருப்பதால், அது நன்றாகக் கரைந்தே ஆகவேண்டும். எது கரைந்து வந்ததோ அது மறுபடி நீரைக் கண்டால் மறுபடி கரைந்து வெளியேறுகிறது. போதாக்குறைக்கு, நனைந்த பருத்தியும் இவ்வகைச் சாயத் துகள்களும் ஒரே இன மின்னேற்றம் கொண்டவையாதலால் ஒன்றையொன்று விலக்குகின்றன. துணியை முன்கூட்டியே மாற்று மின்னேற்றமுள்ள ஒரு திரவத்தில் தோய்த்து உலர்த்தி அச்சிட்டால் இந்தப் பகை ஓரளவு தணிகிறது. மேல்நாட்டில் போர்வை தைக்கும் பெண்மணிகள் கையாளும் உபாயம் அதுவே.

கோப்பையிலும் பனியனிலும் படம் போட்டுத் தரும் கடைகளின் வழி வேறு. அங்கே சாயத்தை ஏறத்தாழ 200 டிகிரிச் சூட்டில் ஆவியாக்கிப் பாலியெஸ்டருக்குள் செலுத்துகிறார்கள். படம் அற்புதமாக நிற்கும். ஆனால் பருத்திக்கு அந்த ஆவியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சக்தி இல்லை. தாத்தா உடுத்தியது பாலியெஸ்டர் வேட்டியாக இருந்தாலொழிய அவ்வழி நமக்குப் பயன்படாது. 1956ஆம் ஆண்டில் சந்தைக்கு வந்த வினைபடு சாயங்கள் பருத்தியோடு ரசாயனப் பிணைப்பே செய்துகொள்கின்றன என்பது உண்மைதான். அவற்றைக் கொண்டு படம் அச்சிடும் ஆலைகளும் உண்டு. எனினும் சோடாவும் நீராவியும் பெரிய இயந்திரமும் வேண்டும் அந்தக் காரியம் ஒரே ஒரு போர்வைக்காக யாரும் மேற்கொள்ளத் தக்கதன்று.

கரைந்து புகுந்து, கரையாமல் நிற்பது

இப்போது வாழைச்சாற்றைக் கவனிப்போம். அதுவும் நீரில் கரைந்தே துணிக்குள் போயிற்று. ஆனால் போன பிறகு மாறிவிட்டது. அதிலுள்ள துவர்ப்பொருள்கள் காற்றிலுள்ள பிராணவாயுவோடு கலந்து, ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பெரிய, பழுப்பான, நீரில் கரையாத பதார்த்தமாகின்றன. சேங்கொட்டைச் சாறும் இதே வகையில் கறுத்து இறுகுகிறது. குறுகலான வாசலுள்ள அறைக்குள் கட்டிலின் காலையும் சட்டத்தையும் தனித்தனியே கொண்டுபோய் உள்ளே பூட்டிவிட்டால், பிறகு கட்டிலை முழுதாக வெளியே எடுக்க முடியாதல்லவா? இழைக்குள் நடப்பதும் அதுவே.

ஆகவே துணியில் நிலைத்து நிற்கும் வர்ணம் வேண்டுமானால், அதை வெளியே செய்து உள்ளே கொண்டுபோகலாகாது. கூறுகளாக உள்ளே அனுப்பி, இழைக்குள்ளேயே பிறக்கச் செய்ய வேண்டும். படம் வேண்டுமானாலோ இன்னொரு நிபந்தனையும் உண்டு: அது எல்லா இடத்திலும் பிறக்கலாகாது, புருவத்தில் பிறந்து நெற்றியில் பிறவாதிருக்க வேண்டும். முதல் நிபந்தனையைக் கடுக்காய் நிறைவேற்றுகிறது, இரண்டாவதைச் சூரியன்.

கடுக்காயும் இரும்பும்

ஜவ்வாது மலையில் வாழும் மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் பலாவும் தேனும் போலவே, காட்டில் பொறுக்கிய கடுக்காயையும் விற்பனைக்குக் கொணர்வார்கள். உலர்ந்த கடுக்காயின் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரையில் டானின் என்ற துவர்ச்சத்து இருக்கிறது. மலைக்கு அப்பால் பாலாற்றை ஒட்டிய வாணியம்பாடியும் ஆம்பூரும் தோல் தொழிலுக்குப் பேர்பெற்றவை. ரசாயனக் குரோமியம் பரவுவதற்கு முன், ஆவாரம்பட்டையோடு கடுக்காயும் தோலைப் பதப்படுத்தும் சரக்காக அத்தொழிலில் பயன்பட்டது. தோலைப் பற்றுவது போலவே துவர்ச்சத்து பருத்தியையும் பற்றும். பற்றியபின் இரும்பைக் கண்டால் கறுக்கும்.

இதைப் பிரத்யட்சமாகக் காண விரும்புவோர் சிக்கல்நாயக்கன்பேட்டைக் கலம்காரிக் கலைஞர்கள் எழுதுவதைப் பார்க்கலாம். துணியைக் கடுக்காய்ச் சாறும் பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துகிறார்கள்; பாலின் கொழுப்பு, மை பரவாமல் காக்கிறது. துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் நீரில் பல நாள் ஊறவைத்து எடுத்த தெளிவில் எழுதுகோலைத் தொட்டு அத்துணியில் கோடிழுத்தால், கோலின் நுனியில் வெளிறியிருந்த திரவம் துணியைத் தொட்டவுடன் கறுக்கிறது. வர்ணம் கோலிலும் இல்லை, துணியிலும் இல்லை. இரண்டும் சந்தித்த இடத்தில் உண்டாயிற்று. சாயத்தைத் துணியில் ஊன்றச் செய்யும் இத்தகைய துணைப்பொருளுக்கு நிறமூன்றி என்பது தமிழில் வழங்கும் பெயர்.

கலைஞர் கையால் இரும்பை வேண்டிய இடத்தில் மட்டும் வைக்கிறார். நம்மிடம் அந்தக் கை இல்லை; புகைப்படம் இருக்கிறது. இரும்பை வேண்டிய இடத்தில் மட்டும் நிறுத்தும் வேலையை வெளிச்சத்திடம் ஒப்படைக்க முடியுமா?

ஒரு வானநூலாரின் நீலம்

முடியும் என்று 1842ஆம் ஆண்டில் காட்டியவர் ஜான் ஹெர்ஷல் என்ற ஆங்கிலேய வானநூலார். யுரேனஸ் கிரகத்தை 1781இல் கண்டுபிடித்த வில்லியம் ஹெர்ஷலின் மகன் அவர். அந்த யுரேனஸ் 1977 மார்ச் 10 அன்று ஒரு நட்சத்திரத்தை மறைத்துச் சென்றபோது, கிரகம் வருமுன்பே நட்சத்திர ஒளி மங்கியதைப் பதிவு செய்த நிலையங்களுள் ஜவ்வாது மலைமேல் காவலூரிலுள்ள வானாய்வு நிலையமும் ஒன்று. யுரேனஸுக்கு வளையங்கள் உண்டென்பது அந்த நாளின் நோக்கீடுகளால் வெளிப்பட்டது. 1986இல் அங்கே நிறுவப்பட்ட 2.34 மீட்டர் தொலைநோக்கி, அந்நிலையத்தை உருவாக்கிய வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்கிறது. காவலூரில் வெகுகாலம் வானத்தைப் படம்பிடித்த கண்ணாடித் தகடுகள் வெள்ளி உப்புப் பூசியவை. வெள்ளி உப்பைக் கரைத்துக் களையும் ஹைப்போவின் குணத்தை முதலில் கண்டறிந்தவரும், 1819ஆம் ஆண்டிலேயே, இதே ஹெர்ஷல்தான். தகப்பன் கிரகமும் மகன் ரசாயனமும் ஒரே குன்றின்மேல் கூடியதைத் தற்செயல் என்று ஒதுக்கலாம். எனக்கு அது ரசிக்கத் தக்க தற்செயலாகப் படுகிறது.

வெள்ளி விலை உயர்ந்தது, இரும்பு மலிவு. இரும்பின் உப்புகளில் இருவகை உண்டு: உயர்நிலை இரும்பு, தாழ்நிலை இரும்பு என்று நம் வசதிக்கு அவற்றைப் பெயரிட்டுக்கொள்வோம். எலுமிச்சையிலுள்ள சிட்ரிக் அமிலத்தோடு சேர்ந்த உயர்நிலை இரும்பின்மேல் சூரியனின் புற ஊதாக் கிரணங்கள் படும்போது, அமிலப் பகுதி சிதைந்து, இரும்பு தாழ்நிலைக்கு இறங்குகிறது. பக்கத்திலே பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு என்ற செந்நிற உப்பு கரைந்திருந்தால், தாழ்ந்த இரும்பு அதோடு கூடி, பிரஷ்ய நீலம் என்ற கரையாத கருநீலமாக அங்கேயே படிகிறது. வெளிச்சம் படாத இடத்தில் இரண்டு உப்புகளும் கரையும் தன்மையோடு அப்படியே இருப்பதால் வெறும் தண்ணீரில் போய்விடுகின்றன. இதுவே நீல அச்சு. 1843இல் அன்னா அட்கின்ஸ் என்ற பெண்மணி கடற்பாசிகளை இம்முறையில் பதித்து, புகைப்படம் கொண்ட முதல் புத்தகத்தை வெளியிடத் தொடங்கினார்; பின்னர் இன்ஜினீயர்கள் இதே முறையைத் தம் வரைபடங்களுக்கு எடுத்துக்கொள்ளவே, நீலம் என்றால் பாலமும் கட்டடமும் என்றாகிவிட்டது. தாளும் செல்லுலோஸ், பருத்தியும் செல்லுலோஸ். தாளில் நிற்பது துணியிலும் நிற்கும்.

ஒரு சதுரம் செய்து பார்ப்போம்

ஐந்து வரிசைக்கு ஆறாக முப்பது சதுரங்கள், ஒவ்வொன்றும் பக்கத்துக்கு 20 சென்டிமீட்டர், ஆக 100க்கு 120 சென்டிமீட்டர் அளவுள்ள ஒரு போர்வையை உத்தேசித்து, அதில் பாட்டியின் முகம் வரவேண்டிய ஒரே ஒரு சதுரத்தை எடுத்துக்கொள்வோம்.

துணி பழைய பருத்தி வேட்டியாக இருப்பது உத்தமம். புதுத் துணியில் கஞ்சி இருக்கும். அது உப்பை இழைக்குள் புகவிடாது. பழைய வேட்டிக்கும் ஒரு குறை உண்டு: ஆண்டுக்கணக்கில் உண்ட சலவைச் சோடாவின் மிச்சம் அதில் ஒளிந்திருக்கும், நீலத்துக்குச் சோடா பகை. எனவே எலுமிச்சம்பழச் சாறு சிறிது விட்ட நீரில் ஒருமுறை அலசி உலர்த்த வேண்டும். மடித்துத் தைக்க இடம் விட்டு 23 சென்டிமீட்டர் சதுரமாக வெட்டி, நடுவே 20 சென்டிமீட்டரில் மட்டும் மருந்து பூச வேண்டும்.

மருந்து இரண்டு. ஃபெர்ரிக் அம்மோனியம் சிட்ரேட் 25 கிராமை 100 மில்லி நீரிலும், பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு 10 கிராமை வேறு 100 மில்லி நீரிலும் தனித்தனியே கரைத்து, பூசும் வேளையில் சம அளவாகக் கலப்பது மரபு. மெல்லிய வேட்டித் துணி சதுர மீட்டருக்குச் சுமார் 100 கிராம் எடை என்றால், நம் சதுரத்தில் மருந்து பூசும் பகுதி 4 கிராம். அது தன் எடையைப்போல் ஒன்றரை மடங்காக, 6 மில்லி வரை திரவம் குடிக்கும். முப்பது சதுரத்துக்கு 180 மில்லி. இரண்டு புட்டியும் சேர்ந்து 200 மில்லியாதலால், சோதனைத் துணிகளுக்கும் கொஞ்சம் மிஞ்சும். இரண்டாம் உப்பின் பெயரிலுள்ள சயனைடு என்ற சொல்லைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை. அந்த உப்பில் சயனைடு இரும்போடு இறுகப் பிணைந்து கிடக்கிறது. எனினும் அவ்வுப்பைக் கடும் அமிலத்தோடு சேர்ப்பதோ காய்ச்சுவதோ கூடாது. கையுறை அணிய வேண்டும். சமையல் பாத்திரம் ஒன்றையும் இதற்குத் தொடக்கூடாது.

படத்தைக் கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சமும் இருளும் இடம் மாறிய எதிர்ப்படமாகத் திருப்பி, ஆலங்காயத்திலோ திருப்பத்தூரிலோ ஒரு ஜெராக்ஸ் கடையில் ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் தாளில் அச்சிட்டுக்கொள்ளலாம். பாட்டியின் நரைத்த கூந்தல் இதில் கறுப்பாகவும் கண்மணி வெறும் கண்ணாடியாகவும் தோன்றும். வெளிச்சம் எங்கே நுழைகிறதோ அங்கே நீலம் பிறப்பதால் இப்படித் தலைகீழாக்குவது அவசியம். கடை அச்சின் கறுப்பு பெரும்பாலும் வெயிலை முழுக்கத் தடுக்காது. ஒரே படத்தை இரண்டு தாளில் எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தினால் போதும். மை படிந்த பக்கம் துணியைத் தொட்டிருக்க வேண்டும். இல்லாவிடில் தாளின் கனத்தினூடே வெயில் சாய்ந்து புகுந்து கோடுகளை மழுக்கிவிடும். அப்படிக் கவிழ்த்து வைக்கும்போது இடம் வலம் மாறுமாதலால், அச்சிடுமுன்பே படத்தைக் கண்ணாடிப் பிம்பமாகத் திருப்பிவிட வேண்டும். மறந்தால் மூக்குத்தி மூக்கின் மறுபக்கம் போய்விடும்.

பூசிய துணியை மங்கிய விளக்குள்ள அறையில் உலர்த்தியபின், பலகை, துணி, எதிர்ப்படம், கண்ணாடி என்ற வரிசையில் அடுக்கி வெயிலில் வைக்கிறோம். எவ்வளவு நேரம்? இதற்கு ஒரே விடை இல்லை. காவலூர் கடல் மட்டத்துக்கு 725 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே புற ஊதாக் கிரணம் சமவெளியைவிடச் சற்றே அதிகம். ஆனால் மார்கழிக் காலையின் மூடுபனி அந்த லாபத்தை விழுங்கிவிடும். முதலில் ஒரு நாடாத் துணியை வைத்து, அட்டையை நகர்த்தி நகர்த்தி 4, 8, 12, 16 நிமிஷம் வெயில் காட்டிக் கழுவிப் பார்ப்பதே நேர்வழி. உச்சி வெயிலில் பெரும்பாலும் பத்து நிமிஷத்துக்கும் இருபது நிமிஷத்துக்கும் இடையில் சரியாக வரும். நேரத்தைவிடப் பூச்சின் ஓரம் நம்பகமான சாட்சி: மஞ்சட்பச்சையாக இருந்தது நீலமாகி, பின்னர் சாம்பல் பூத்த வெண்கல நிறம் அடைய வேண்டும். பார்க்கையில் எல்லை மீறிவிட்டதென்று தோன்றும். தோன்றட்டும், கழுவும்போது ஒரு பங்கு போய்விடும்.

பிறகு தண்ணீர். மஞ்சள் முழுதும் நீங்கும் வரையில், கால்மணி நேரம்போல், நீரை மாற்றி மாற்றி அலச வேண்டும். மலைக்கிணற்று நீர் உவர்ப்பாக இருந்தால் முதல் நீரில் எலுமிச்சைச் சாறு சில துளி விடலாம். வெளிறித் தோன்றும் நீலம் காற்றுப் பட்டு ஒரு நாளைக்குள் ஆழ்ந்துவிடுகிறது.

நீலமா, கறுப்பா?

நீல முகம் சிலருக்குப் பிடிக்காது. கிருஷ்ணனுக்குப் பொருந்தியது பாட்டிக்குப் பொருந்தாது என்று அவர்கள் கருதுவார்களானால், கடுக்காய்க்கு இங்கே வேலை வருகிறது. கொட்டை நீக்கிய கடுக்காய்த் தோல் 20 கிராமை இடித்து, ஒரு லிட்டர் வெந்நீரில் இரவெல்லாம் ஊறவைத்து வடிகட்டி வைத்துக்கொள்ளலாம். நீலப் படத்தை, ஒரு லிட்டர் நீருக்கு ஒரு சிறு கரண்டி சலவைச் சோடா கரைத்ததில் இட்டால், ஓரிரு நிமிஷத்தில் நீலம் கலைந்து படம் வெளிறிய மஞ்சளாகிறது. பயப்பட வேண்டாம், நீலத்திலிருந்த இரும்பு துருவின் இனத்தைச் சேர்ந்த பொருளாக, அதே இடத்தில், இழைக்குள் இருக்கிறது. நன்றாக அலசிக் கடுக்காய் நீரில் ஒரு மணி நேரம் ஊறவிட்டால், இரும்பு இருந்த இடமெல்லாம் கறுத்து, புருவமும் கண்ணும் புடவைக் கரையும் மறுபடி எழுகின்றன. வெற்றிடங்களிலும் துவர்ச்சத்து சிறிது ஏறி இளமஞ்சளாக்குவதால், எழுபது எண்பது ஆண்டுப் பழைய ஸ்டூடியோப் படத்தின் சாயல் தானாகவே வந்துவிடுகிறது.

கறுப்பு சலவைக்கு அஞ்சாது. ஆனால் காலத்துக்கு அஞ்சும். நூற்றாண்டுகளுக்கு முன் சோழமண்டலக் கரையிலிருந்து ஏற்றுமதியாகி இன்று அருங்காட்சியகங்களில் உள்ள சித்திரத் துணிகள் சிலவற்றில், சிவப்பும் நீலமும் செழித்திருக்க, கறுப்புக் கோடுகள் ஓடிய இடம் மட்டும் துணியே அரித்துப் போயிருக்கிறது. துவர்ச்சத்தோடு சேர்ந்த இரும்பு மெல்ல மெல்லச் செல்லுலோஸைச் சிதைப்பதே காரணம். நீலத்தின் குணம் இதற்கு நேர்மாறு. நெடுநாள் வெயில் பட்டால் அது மங்கும்; ஆனால் இருட்டில் மடித்து வைத்தால், காற்றிலுள்ள பிராணவாயுவால் பெரும்பகுதி திரும்பிவிடும். சோப்பும் சோடாவும்தான் அதற்கு எமன். அடிக்கடி போர்த்தித் துவைக்கும் போர்வைக்குக் கறுப்பும், பெட்டியில் வைத்துப் பேரக்குழந்தைகளுக்கு விட்டுச்செல்லும் போர்வைக்கு நீலமும் ஏற்றவை என்பது என் அபிப்பிராயம். ஒரே போர்வையில் இரண்டையும் கலந்தால் இரண்டின் பத்தியத்தையும் காக்க வேண்டியிருக்கும்.

துவைக்கும் விதம்

நீலப் போர்வையைத் துவைக்கப் பூந்திக்கொட்டை நல்லது. அதன் நுரை அழுக்கை எடுக்கும். சோப்பைப் போலக் காரமாக இராமல் சற்றே புளிப்புத் தன்மையுடன் இருப்பதால் நீலத்தைத் தொடாது. நாலைந்து கொட்டையின் தோலை ஊறவைத்துக் கசக்கிய நீரில், தேய்க்காமல் அமுக்கி எடுத்து, நிழலில் உலர்த்த வேண்டும். வெளுப்புத்தூள் எந்தக் காரணத்தைக் கொண்டும் ஆகாது.

வீட்டில் விவரம் அறியாத ஒருவர் சலவைத்தூள் போட்டு ஊறவைத்து, மறுநாள் படங்களெல்லாம் மஞ்சள் புள்ளிகளாக நின்றால், அப்போதும் போர்வையைத் தூர எறிய வேண்டியதில்லை. கறுப்பாக்குவதற்காக நாம் வேண்டுமென்றே செய்ததை அவர் வேண்டாமல் செய்திருக்கிறார், அவ்வளவே. புளியோ எலுமிச்சையோ போட்டு அந்த மஞ்சளைப் போக்க முயன்றால்தான் இரும்பு கரைந்து படம் மெய்யாகவே போய்விடும். சலவைத்தூள் நீங்க நல்ல தண்ணீரில் பலமுறை அலசி, போர்வையை அப்படியே கடுக்காய் நீரில் தோய்த்தால், முப்பது முகங்களும் கறுப்பில் திரும்பி வரும்.